பதினேழு பிள்ளையார் சுழி

7

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு, தர்மபுரி மாவட்டத்தின் இருபத்துநான்கு திருமணத் தகவல் மையங்களும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. அந்த நிமிடத்தில் பெண் தேடி வந்தவர்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை தேடி வந்தவர்களுக்கு டீ மட்டும் கிடைத்தது. பிரபாகரின் மேசையில் இருந்த மூன்று போன்களும் மாறி மாறி அடித்தன. அவர் எதையும் எடுக்காமல் எங்களைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மேடம்? இது கம்ப்யூட்டர் தெரிஞ்ச கை. அந்தப் பொண்ணோட கை."

எங்களை என்றால் பாஞ்சாலி அக்காவையும் என்னையும். அக்கா இருபது வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். ஊரார் சொன்ன பொய்களையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி எழுதி அலுத்துப்போய், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தர்மபுரியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் ஆசிம். செல்போன் ரிப்பேர் கடை வைத்து அதை ரிப்பேர் பண்ண முடியாமல் மூடிவிட்டு அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். மூளை அவருடையது, வாய் என்னுடையது என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

பிரபாகருக்கு முப்பத்தேழு வயது. 'சுபமாலை' என்ற மென்பொருளின் முதலாளி. அவர் வியாபாரம் எளிதானது. இருபத்துநான்கு மையங்களின் ஜாதகங்களும் ஒரு பொதுப் பெட்டியில் கிடக்கும். ஏரியூரில் ஒரு ஜாதகத்தை ஏற்றினால் அது பென்னாகரத்திலும் பாப்பாரப்பட்டியிலும் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். மொத்தம் நாற்பத்தோராயிரம் ஜாதகங்கள். எனக்குப் பெண் அமையவில்லை என்று என் அம்மா ரஹமத் பீவி தினமும் மூக்கைச் சிந்துவார். அவரை இங்கே கூட்டிவந்து இந்த எண்ணிக்கையைக் காட்டினால் மனது ஆறும் என்று நினைத்துக்கொண்டேன்.

சிக்கல் பதினெட்டு நாளாக நடக்கிறது. தினமும் ஏதோ ஒரு நேரத்தில் சுபமாலை, இருக்கிற எல்லா ஜாதகங்களையும் முதலிலிருந்து திறந்து படிக்க ஆரம்பித்துவிடும். படித்து, அடுக்கி, எல்லா மையங்களுக்கும் அனுப்பி முடிக்க ஒன்றரை மணி நேரம். அதுவரை யாரும் எதையும் பார்க்க முடியாது. வைரஸ் இல்லை என்று இரண்டு பேர் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இது ஐஸ்வர்யாவின் சதி என்பது பிரபாகரின் முடிவு. ஐஸ்வர்யா அவரிடம் வேலை செய்த புரோகிராமர். சுபமாலையின் புதுப் பதிப்பை எழுதியவள். அது வெளிவந்த வாரத்திலேயே, ஓசூரில் வேறு வேலை கிடைத்துவிட்டதாக ராஜினாமா கொடுத்தவள்.

"திங்கக்கிழமை அங்க சேரணுமாம். என் ரிலீவிங் லெட்டர் இல்லாம சேத்துக்க மாட்டாங்க. சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள நீங்க ஆதாரத்தக் குடுங்க, நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார் பிரபாகர். புகார் மனுவைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். அக்கா அதை வாங்கிப் படித்து, இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ஐஸ்வர்யா பின்னால் இருந்த சாமான் அறையில், பழைய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நோட்டீஸ் காலம் முடியும்வரை தினமும் ஒன்பதரைக்கு வந்து அங்கே உட்கார வேண்டும், கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. ஜன்னல்கூட இல்லை. ஏரியூரிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வந்து அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போகிறாள் ஒரு பெண். எனக்குக் கோபம் வந்தது. அதை முகத்தில் காட்டினேன், அக்கா என் காலை மிதித்தார்.

அவள் என்னதான் செய்தாள் என்று அக்கா கேட்டார். தான் கம்ப்யூட்டர் பக்கமே போகாதவள், அதனால் ஆறாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.

"பஸ் கண்டக்டர் மாதிரிங்க மேடம்" என்றாள் ஐஸ்வர்யா. "முன்னாடி எப்படின்னா, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் பஸ்ஸுல இருக்கிற எல்லாரு டிக்கெட்டையும் மறுபடி வாங்கிப் பாக்குற கண்டக்டர். அதான் காலையில தொறந்தா நாப்பது நிமிஷம் ஆவும். நான் என்னா பண்ணேன்னா, புதுசா ஏறுனவங்கள மட்டும் பாருன்னு சொல்லிட்டேன். ஃபைலோட தேதி மாறியிருந்தா மட்டும் தொறந்து படி, மாறலன்னா வுட்டுடு. நாலு செகண்டுல முடிஞ்சுதுங்க."

"அப்ப இப்ப ஏன் எல்லாத்தையும் படிக்குது?"

"எல்லா ஃபைலோட தேதியும் மாறியிருக்கணும். யாரோ நாப்பத்தோராயிரத்தையும் தொட்டிருக்காங்க. தெனமும். என்னைய பத்து நிமிஷம் உள்ள வுட்டா யாருன்னு பாத்துடுவேன், வுட மாட்டேங்கறாரு."

யார் தொட்டார்கள் என்று மென்பொருளே சொல்லாதா என்று கேட்டேன். இருபத்துநான்கு மையங்களுக்கும் முதலாளி ஒரே பாஸ்வேர்டைத்தான் கொடுத்திருக்கிறார் என்றாள். தனித்தனியாகக் கொடுங்கள் என்று இவள் கெஞ்சியிருக்கிறாள். தரகர்கள் மறந்துவிடுவார்கள், வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். யார் என்ன செய்தாலும் ஒரே பெயரில்தான் பதிவாகும். ஒரு ஊருக்கே ஒரு சாவி கொடுத்துவிட்டு, திருடன் யார் என்று கேட்கிற முதலாளியை நான் அன்றுதான் பார்த்தேன்.

ராஜினாமாவை எப்போது கொடுத்தாள் என்று அக்கா கேட்டார். திங்கட்கிழமை காலை, வரும்போது பஸ்ஸிலேயே மெயிலில் அனுப்பிவிட்டாளாம். எட்டு மணி பத்து நிமிடம் என்று போனில் இருந்ததைக் காட்டினாள். அக்கா அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. புரியாதபோது பேசாமல் இருப்பது என் சம்பளத்தில் அடங்கும்.

படிக்கட்டில் உட்கார்ந்து, சுபமாலை படுத்துக்கொண்ட நேரங்களை ஒரு தாளில் எழுதினோம். செவ்வாய் நாலரைக்கு மேல். புதன் ஒன்றரைக்கு மேல். வியாழன் மூன்று. வெள்ளி பன்னிரண்டு. சனி பத்தரை. ஞாயிறு மாலை ஆறு. திங்கள் காலை ஒன்பது. மறு வாரமும் அச்சு அசலாக அதே நேரங்கள். போன வாரம் வியாழக்கிழமை மட்டும் ஒன்றும் நடக்கவில்லை, அன்று முழுக்க சுபமாலை சமர்த்தாக ஓடியிருக்கிறது.

அக்கா தாளையே முறைத்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் நான் சொன்னேன்: "இந்த நேரத்துல எல்லாம் எங்கத்தா கடையிலதான் கூட்டம் அள்ளும்."

அக்கா நிமிர்ந்தார். என் அத்தா, அதாவது அப்பா, அப்துல் சுபான் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வருபவர்கள்தான் அவருக்கு வாழ்வு. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை கடையில் ஈ காக்கா இருக்காது, அத்தா அந்த நேரத்தில் குளித்துவிட்டுத் தொழுகைக்குத் தயாராவார். சனிக்கிழமை பத்தரை வரை பேப்பர் படிப்பார். எங்கள் வீட்டில் ராகுகாலம் பார்ப்பதில்லை. ஆனால் மாவட்டத்திலேயே அதைத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் என் அத்தாதான், ஏனென்றால் அது முடிகிற நிமிடத்தில் கல்லாவில் இருக்க வேண்டும்.

"ராகுகாலம் முடியறதுக்குக் காத்துக்கிட்டு இருந்து பண்றாங்க" என்றார் அக்கா மெதுவாக. "நாசம் பண்ண நல்ல நேரம் பாக்கிறவன் எவன்டா?"

நான் யோசித்தேன். எனக்குத் தெரிந்த எந்த வைரஸும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. ஐஸ்வர்யாவும் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை காலை எட்டு பத்து என்பது ராகுகாலத்தின் நட்டநடு. சொந்த ராஜினாமாவையே அந்த நேரத்தில் அனுப்பியவள், பிறத்தியார் ஃபைலைத் தொட ஒன்பது மணி வரை காத்திருப்பாளா? அக்கா நோட்டில் அவள் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஆனால் இந்தக் கோட்டைப் பிரபாகரிடம் காட்டினால் சிரிப்பார். கையும் களவுமாக ஒரு ஆள் வேண்டும்.

ராகுகாலம் பார்க்கும் தரகர்கள் இருபத்துநான்கு பேரும்தான். நல்ல காரியத்தைத் தொழிலாக வைத்திருப்பவர்கள் வேறு எப்படி இருப்பார்கள். அதில் ஒருவரைப் பிரித்தெடுக்க அக்காவுக்கு மிச்சமிருந்தது அந்த வியாழக்கிழமை. ஒரு நாள்கூடத் தவறாமல் செய்கிறவர் அன்று மட்டும் ஏன் செய்யவில்லை என்று கேட்டுக்கொண்டே கீழே டீக்கடைக்குப் போனார். வடை மடிக்க வைத்திருந்த பழைய பேப்பர்க் கட்டைக் கேட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினார். டீக்கடைக்காரர் எங்களை வடைத் திருடர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கால் மணி நேரத்தில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு துண்டை என் முன்னால் போட்டார் அக்கா. போன வியாழன், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை பராமரிப்புக்காக மின்தடை. ஊர்ப் பட்டியலில் முதலில் இருந்தது பாப்பாரப்பட்டி. மற்றவை எல்லாம் சுற்றியுள்ள சிற்றூர்கள், அங்கே சுபமாலை மையம் கிடையாது.

அரை மணி நேரத்தில் என் ஸ்கூட்டர் பாப்பாரப்பட்டியில் நின்றது.

மையம் கடைவீதியில், ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், நெற்றி நிறையத் திருநீறோடு, கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் திருநீறு பூசிவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவையும் என்னையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பையனுக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

"தம்பிக்கு என்னா நட்சத்திரமுங்க?"

எங்கள் வீட்டில் பிறை மட்டும்தான் பார்ப்போம் என்றேன். பெரியவர் கொஞ்சமும் அசரவில்லை. தர்மபுரியில் தனக்குத் தெரிந்த பாய் ஒருவர் இருப்பதாகவும், அவரிடம் சொல்லி வைப்பதாகவும் வாக்குக் கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் வம்பு.

அதற்குள் சுபமாலை படித்து முடித்து எழுந்து உட்கார்ந்திருந்தது. மாதிரிக்கு ஒரு ஜாதகத்தைக் காட்டும்படி அக்கா கேட்டார். பெரியவர் ஏதோ ஒன்றைத் திறந்தார். கட்டங்களுக்கு மேலே, தாளின் உச்சியில், வரிசையாகப் பிள்ளையார் சுழி. உ, உ, உ என்று ஓரம் வரைக்கும் போய், மடங்கி, அடுத்த வரியிலும் தொடர்ந்தது. அக்கா விரலை வைத்து எண்ணினார். பதினேழு. இன்னொன்றைத் திறக்கச் சொன்னார். அதிலும் பதினேழு.

பதினெட்டு நாளில் ஒரு நாள் கரண்ட் இல்லை. என் தலைக்குள் எண்கள் போய் ஒட்டிக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது.

"இத்தன சுழி எதுக்குங்கய்யா?" என்று கேட்டார் அக்கா, ரொம்ப மரியாதையாக.

பெரியவர் உற்சாகமாக விளக்கினார். ஜாதகத் தாளில் மேலே சுழி இல்லாவிட்டால் பெண் வீட்டார் கையில் வாங்கமாட்டார்கள். அதற்காகக் கம்பெனிக்காரர்களே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அந்தப் பொத்தானை அமுக்கினால், அத்தனை ஜாதகத்திலும் ஒரு சுழி விழும். இவர் தினமும் ராகுகாலம் கழிந்ததும் ஒரு முறை அமுக்குகிறார். ஒன்று இருந்தால் நல்லது என்றால் பதினேழு இருந்தால் கெட்டதா என்று எங்களையே கேட்டார். மற்ற தரகர்கள் அதைப் புதுப் பதிப்பின் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

கண்டக்டர் கதை எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சுழிக்கும் ஃபைலின் தேதி மாறுகிறது. நாற்பத்தோராயிரம் பேரும் தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கி மறுபடி ஏறுகிறார்கள். கண்டக்டர் என்ன செய்வார், பாவம்.

வழக்கு முடிந்தது என்று நான் எழுந்தேன். அக்கா எழவில்லை. சுழி ஒன்று போதும் என்று இவருக்குத் தெரியாதா, பழுத்த தரகர் ஆயிற்றே என்பது அவர் கவலை. பட்டியலின் உச்சியில் இருக்கும் ஜாதகத்தைத் திறக்கச் சொன்னார். பட்டியலில் பெயர் இருக்காது, வெறும் எண்தான். புதுப் பதிப்பில் தேதி புதியது மேலே, பழையது கீழே.

பெரியவரின் கை மவுஸில் அப்படியே நின்றது. அது வேண்டாம், அது சரிப்பட்டு வராது என்றார். நான் குனிந்து திறந்துவிட்டேன். அந்த ஒரு ஜாதகத்தில் மட்டும் முப்பத்துநான்கு சுழி இருந்தது. எல்லாவற்றோடும் சேர்த்து ஒன்று, பிறகு தனியாக ஒன்று, தினமும் இரண்டு. அதனால்தான் அது எப்போதும் எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொடப்பட்டு, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது.

கீழே போட்டோ இருந்தது. மீசை அடர்த்தியாக, முடி இன்னும் அடர்த்தியாக, பத்து வருடத்துக்கு முந்தைய பிரபாகர். தந்தை பெயர்: தர்மன், திருமணத் தரகர், பாப்பாரப்பட்டி.

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பெரியவர் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டு மவுஸை அவர் பக்கமே தள்ளிவைத்தேன்.

"இந்தக் கையால எத்தன கல்யாணம் முடிச்சு வெச்சிருக்கேன், கணக்கு இல்லீங்க" என்றார் தர்மன். "எங்கூட்ல ஒண்ணு நடக்கல. முன்னெல்லாம் அவன் ஜாதகம் மொதல்ல நிக்கும், நம்பர் சின்னதுங்கறதால. புதுசா மாத்துனாங்க பாருங்க, அன்னைக்கு அடியில போயிடுச்சு. தேதி பாத்தா பத்து வருசம். பத்து வருசமா சுத்துற ஜாதகத்தை எவன் வாங்குவான்? பையனுக்கு என்னா கொறைன்னு கேப்பான்."

மகனுடையதை மட்டும் மேலே ஏற்றினால் மற்ற தரகர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் எல்லாருடையதையும் ஏற்றி, கூட்டத்தோடு கூட்டமாக மகனையும் ஏற்றியிருக்கிறார். ஜாதகத்தை எடுத்துவிடும்படி மூன்று வருடத்துக்கு முன்பே பிரபாகர் சண்டை போட்டிருக்கிறார், எடுத்துவிட்டேன் என்று இவர் பொய் சொல்லியிருக்கிறார். பதினேழு நாளில் பலனும் கிடைத்துவிட்டது. பென்னாகரத்தில் ஒரு வீட்டார் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, பொருத்தம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா அவரிடம் ஐஸ்வர்யாவைப் பற்றிச் சொன்னார். அட்டைப்பெட்டி அறை, ஓசூர் வேலை, ஐந்து மணி, புகார் மனு, எல்லாம். தர்மன் எழுந்து நின்றுவிட்டார். மென்பொருள் தானாகவே மெதுவாகிவிட்டது என்றுதான் மகன் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் புள்ள மேலயா பழி போட்டான்? தாள் குடுங்க, நான் எழுதித் தர்றேன்."

அக்கா சொல்லச் சொல்ல அவரே வாக்குமூலத்தைத் தன் கைப்பட எழுதினார். எழுதத் தொடங்கும் முன் தாளின் மேலே ஒரு சுழி போட்டார். நாங்கள் இருவரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

நாலரை மணிக்கு தர்மபுரி அலுவலகத்தில் அக்கா அந்த வாக்குமூலத்தைப் பிரபாகரின் மேசையில் வைத்தார். ஐஸ்வர்யாவையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். பிரபாகர் படித்தார். பாதியில் காது சிவந்தது, முடிவில் கழுத்து வரை சிவந்துவிட்டது.

"புகாரைக் குடுத்துடலாம் சார்" என்றார் அக்கா. "பேரை மட்டும் மாத்தணும். குற்றம் சாட்டப்பட்டவர் தர்மன். நோக்கம், மகனுக்குக் கல்யாணம். நானே நல்ல கையெழுத்துல எழுதித் தர்றேன், எழுத்துப்பிழை இருக்காது."

பிரபாகர் மனுவை நான்காகக் கிழித்தார். ரிலீவிங் லெட்டரை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஐஸ்வர்யாவின் பக்கம் நகர்த்தினார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாய் இரண்டு முறை தேடியது, கிடைக்கவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. ஒரு பெண்ணைப் பதினைந்து நாள் இருட்டில் உட்காரவைத்தவர் ஒரு சொல்லைத் தேடியாவது எடுத்திருக்க வேண்டும்.

ஐஸ்வர்யா கடிதத்தை இரண்டு தடவையும், பக்கத்தில் கிடந்த வாக்குமூலத்தை ஒரு தடவையும் படித்தாள். பிறகு, எங்களுக்கெல்லாம் இல்லாத பெருந்தன்மையோடு கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷ வேலைதாங்க சார். சுழிய ஃபைலுக்குள்ள எழுதாம, தொறக்கும்போது மட்டும் மேல காட்டச் சொல்லிட்டாப் போதும், தேதி மாறாது. பழைய தேதியெல்லாம் காப்பி இருக்குது, திருப்பிப் போட்டுடலாம். மறுபடி நாலு செகண்டுல ஓடும். பண்ணிக் குடுத்துட்டே போறேன்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா உங்க ஜாதகம் அடியில போயிடும்."

பிரபாகர் திரையைப் பார்த்தார். பட்டியலின் உச்சியில் அவருடைய எண் நின்றது. வாக்குமூலத்தின் கடைசி வரியில் பென்னாகரத்து வீட்டார் நின்றார்கள். மனிதர் நாற்பத்தோராயிரம் ஃபைலையும் தானே திறந்து படிப்பதுபோல் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

"இப்ப எதையும் தொட வேணாமுங்க" என்றார் கடைசியில். அந்த அலுவலகத்தில் அவர் அவளுக்கு 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை. "ஞாயித்துக்கெழமை பாக்க வர்றாங்க. அது முடியட்டும். திங்கக்கெழமை காலையில வந்து பண்ணிக் குடுத்துடுங்களேன்."

ஐஸ்வர்யா கடிதத்தை மடித்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"திங்கக்கெழமை எனக்கு வேலை இருக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.